போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் தி எட்ஜ்: தாயும் மகளும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன படம்? கதை என்ன?

1990 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியான ஹாலிவுட் படம். இயக்குநர் மைக் நிக்கோல்ஸ். கேரி ஃபிஷர் 1987இல் வெளியிட்ட தன் நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதினார். ஓடும் நேரம் 101 நிமிடம்.

சுசான் வேல் (மெரில் ஸ்ட்ரீப்) ஒரு நடிகை. கொக்கெயினுக்கும் வலிநிவாரணி மாத்திரைகளுக்கும் அடிமை. ஒரு நாள் மாத்திரைகள் அளவு மீறிப்போக, மருத்துவமனையில் வயிற்றைக் கழுவிக் காப்பாற்றுகிறார்கள். மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வெளியே வரும் அவளுக்கு ஒரு சிறிய படத்தில் வேலை கிடைக்கிறது. ஆனால் காப்பீட்டு நிறுவனம் ஒரு நிபந்தனை வைக்கிறது: படப்பிடிப்பு முடியும்வரை பொறுப்பான ஒருவரின் கண்காணிப்பில் அவள் தங்கியிருக்க வேண்டும். அந்தப் பொறுப்பான ஆள் அவளுடைய தாய் டோரிஸ் மான் (ஷெர்லி மெக்லைன்). பழைய இசைப்படங்களின் நட்சத்திரம். அவரோ தினமும் குடிப்பவர்.

மொத்தப் படமும் இந்த நிபந்தனைக்குள் அடங்கியிருக்கிறது. மகளைக் காவல் காக்கும் தாய்க்கே காவல் தேவைப்படுகிறது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது, தாயைத் தவிர.

போதைக்கு அடிமையானவள் மகள்தானே? பிறகு ஏன் இதைச் சிக்கலில் இருக்கும் தாயின் கதை என்கிறீர்கள்?

சுசானின் நோய் முதல் சில நிமிடங்களிலேயே அம்பலமாகிவிடுகிறது. அவளுக்குச் சிகிச்சை கிடைக்கிறது, மருத்துவர் இருக்கிறார், குழுவில் உட்கார்ந்து பேச இடம் இருக்கிறது. டோரிஸுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. பழங்களை அரைத்துச் செய்யும் பானத்தில் வோட்காவை ஊற்றிக்கொண்டே மகளின் உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். குடியைப் பற்றிக் கேட்டால், ஐரிஷ்காரர்கள் குடிப்பதைப் போலத்தான் தானும் குடிப்பதாகச் சொல்லி ஒதுக்கிவிடுகிறார்.

மகளின் பழக்கம் சட்டத்துக்குப் புறம்பானது, தாயின் பழக்கம் விருந்துகளில் பரிமாறப்படுவது. ஒருத்தி நோயாளி என்றும் இன்னொருத்தி கலகலப்பானவர் என்றும் ஊர் பேசுவதற்கு இந்த ஒரு வேறுபாடு போதும். படம் இதை எங்கும் நின்று விளக்குவதில்லை. கோப்பையைக் கையில் கொடுத்து டோரிஸை அறைக்கு அறை நடக்க வைக்கிறது, அவ்வளவுதான். நாயகி மகள், கதையின் முடிச்சு தாய் என்பது என் கருத்து.

இது கேரி ஃபிஷரின் சொந்தக் கதையா?

வேர் அங்கேதான் இருக்கிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் இளவரசி லேயாவாக 1977இல் உலகப் புகழ் பெற்றவர் கேரி ஃபிஷர். தாய் டெபி ரெனால்ட்ஸ், 1952இல் ‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ படத்தில் பாடி ஆடிப் புகழ்பெற்ற நட்சத்திரம். தந்தை பாடகர் எடி ஃபிஷர். கேரி சின்னக் குழந்தையாக இருந்தபோதே எலிசபெத் டெய்லருக்காகக் குடும்பத்தை விட்டுப் போனவர் அவர். 1980களில் கேரி போதைப் பழக்கத்தோடு போராடினார், அளவு மீறி மாத்திரை உட்கொண்டு மருத்துவமனைக்குப் போனார், மறுவாழ்வு மையத்தில் இருந்தார். இவையெல்லாம் அவரே பல இடங்களில் வெளிப்படையாகப் பேசியவை.

ஆனால் சுசானைக் கேரி என்றும் டோரிஸை டெபி என்றும் அப்படியே பெயர் மாற்றிப் படிப்பதைக் கேரி விரும்பவில்லை. எழுத்தாளராகத் தனக்குக் கற்பனை இருப்பதை மறந்துவிட்டு, வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து எழுதினார் என்று நினைப்பது மக்களுக்கு வசதியாக இருக்கிறது என்ற பொருளில் அவர் குறைப்பட்டுக்கொண்டதுண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. தன் வாழ்வை எழுதும் ஆணிடம் கலையைத் தேடுகிறவர்கள், தன் வாழ்வை எழுதும் பெண்ணிடம் வதந்தியைத் தேடுகிறார்கள். இந்தப் படத்தின் உரையாடல்களை ஒருமுறை காதால் கேட்டாலே தெரியும், ஒவ்வொரு வரியும் செதுக்கப்பட்டது. எந்த வீட்டிலும் யாரும் இவ்வளவு கூர்மையாகச் சண்டை போடுவதில்லை.

தாய் வேடத்தில் நடிக்க டெபி ரெனால்ட்ஸே ஆசைப்பட்டார் என்பதும் நிக்கோல்ஸ் அதை ஏற்கவில்லை என்பதும் கேரியே சொன்ன செய்தி. நிக்கோல்ஸ் செய்தது சரி என்றே தோன்றுகிறது. டெபி நடித்திருந்தால் திரையில் யாரும் டோரிஸைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நாவலும் படமும் ஒன்றா?

இல்லை. நாவலின் பெரும்பகுதி மறுவாழ்வு மையத்திலும், அதன் பிறகு சுசான் தனியாக வாழப் பழகும் நாட்களிலும் நடக்கிறது. தொடக்கத்தில் சுசான் எழுதும் அஞ்சலட்டைகள் வருகின்றன. தலைப்பு அங்கிருந்து வந்தது. படத்தில் அஞ்சலட்டையே கிடையாது. தாய் நாவலில் ஓரமாக வந்து போகிறார். திரைக்கதையில்தான் அவர் வீட்டின் நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறார். தன் நாவலைத் தானே கலைத்துப்போட்டு, அதில் சொல்லாமல் விட்டதை எழுதும் துணிவு எல்லா நாவலாசிரியர்களுக்கும் வருவதில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் கேரி அதைச் செய்திருக்கிறார்.

இவ்வளவு வலி இருக்கும் கதையை நகைச்சுவைப் படம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, விரிவாகப் பேச வேண்டியதும் இதுதான்.

நகைச்சுவையும் துயரமும் கலந்த படங்களில் பெரும்பாலானவை இரண்டையும் மாற்றி மாற்றிப் பரிமாறும். பத்து நிமிடம் சிரிப்பு, ஐந்து நிமிடம் கண்ணீர், மறுபடி சிரிப்பு. இந்தப் படத்தில் அப்படிப் பிரித்தெடுக்க முடியாது. எந்த வரி சிரிக்க வைக்கிறதோ அதே வரிதான் காயப்படுத்துகிறது. சுசானுக்கு வேடிக்கையாகப் பேசாமல் இருக்கத் தெரியாது. மறுவாழ்வு மையத்தில், காதலனிடம், படப்பிடிப்பில் தன்னை அவமதிப்பவர்களிடம், எங்கும் அவள் முதலில் எடுப்பது ஒரு கிண்டலான பதில். அதைக் கேட்டு எதிரில் இருப்பவர் சிரிக்கிறார், பேச்சு திசைமாறுகிறது, அவள் தப்பித்துக்கொள்கிறாள். சிரிப்பு அவளுக்கு ஒளிந்துகொள்ளும் இடம்.

டோரிஸும் அதே பாடசாலையில் படித்தவர், ஆனால் அவருடைய ஆயுதம் வேறு. அவர் கிண்டல் செய்வதில்லை, மேடையேறுகிறார். மறுவாழ்வு மையத்துக்கு மகளைப் பார்க்க வரும் காட்சியைக் கவனியுங்கள். உயிர் பிழைத்த மகளைத் தாய் பார்க்க வருகிறார். அங்கே இருப்பவர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டு சூழ்ந்துகொள்கிறார்கள். அவருடைய முகம் மலர்கிறது, தோள் நிமிர்கிறது, குரல் மாறுகிறது. மகள் அருகிலேயே நிற்கிறாள். நாம் சிரிக்கிறோம், ஏனென்றால் மெக்லைன் அந்த மாற்றத்தை அவ்வளவு நுட்பமாகச் செய்கிறார். சிரித்து முடித்ததும் அந்தப் பெண் எத்தனை முறை இப்படி அருகில் நின்றிருப்பாள் என்ற எண்ணம் வருகிறது.

வீடு திரும்பிய மகளுக்காகத் தாய் ஏற்பாடு செய்யும் விருந்தும் அப்படித்தான். எல்லோர் முன்னிலையிலும் மகளைப் பாடச் சொல்கிறார். சுசான் ‘யூ டோன்ட் நோ மீ’ பாடலைத் தயக்கத்தோடு, உள்ளிருந்து, மிக அழகாகப் பாடுகிறாள். உன்னால் என்னை அறிய முடியவில்லை என்று சொல்லும் பாடல். அடுத்து தாயைப் பாடச் சொல்கிறார்கள். அவர் மறுப்பதுபோல் பாவனை செய்துவிட்டு ஸ்டீபன் சாண்ட்ஹைமின் ‘ஐம் ஸ்டில் ஹியர்’ பாடலை எடுக்கிறார். நான் இன்னும் இருக்கிறேன் என்ற அறிவிப்பு அது. கூட்டம் முழுவதும் அவர் பக்கம் சாய்கிறது, மகளுக்கான விருந்து தாயின் கச்சேரியாகிவிடுகிறது. இதில் சூழ்ச்சி ஏதும் இல்லை, அவரால் வேறு மாதிரி இருக்க முடியாது. ஒரு வசனமும் இல்லாமல் இரண்டு பாடல்களால் ஒரு வாழ்நாள் உறவைச் சொல்லிவிடுகிறார்கள். சுசானின் முகத்தில் அப்போது பொறாமை மட்டும் இருந்தால் அது சாதாரணக் காட்சி. பெருமையும் இருக்கிறது, அவள் தாயை ரசிக்கிறாள். அதனால்தான் இதை நான் பெரிய படம் என்கிறேன்.

நிக்கோல்ஸ் இயக்குநராகும் முன் எலெய்ன் மே என்ற கலைஞரோடு சேர்ந்து மேடையில் இருவர் நகைச்சுவை நிகழ்த்திப் புகழ்பெற்றவர் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும்போது சிரிப்பு எங்கே பிறக்கிறது, எங்கே அது முறிகிறது என்பது அவருக்கு அத்துபடி.

மாடிப்படிச் சண்டையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதில் என்ன இருக்கிறது?

பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்தது முழுவதும் வெளியே வரும் காட்சி அது. தாய் சொல்ல வருவது நியாயமானது போலவே இருக்கிறது: உன்னை வளர்த்தேன், உனக்காக எவ்வளவோ செய்தேன், நீ என்னைக் குற்றவாளியாக்குகிறாய். மகள் தன் பதினேழாவது பிறந்தநாள் விருந்தை நினைவூட்டுகிறாள். தாய் குடித்துவிட்டு எல்லோர் முன்னிலையிலும் பாவாடையைத் தூக்கிய கதை. தாய் அதை மறுக்கவில்லை. பாவாடையைத் தான் தூக்கவில்லை, சுழன்றபோது அது தானாக எழும்பியது என்று திருத்துகிறார். அரங்கம் அதிரச் சிரிக்கும் இடம். ஆனால் அந்தத் திருத்தத்தில் டோரிஸின் முழு மனமும் இருக்கிறது. நடந்ததை அவர் ஒருபோதும் மறுப்பதில்லை. அதன் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி வைக்கிறார், ஒரு படப்பிடிப்பில் செய்வதைப்போல.

இன்னும் மோசமான தாய்மார்களாகப் பெயர் வாங்கிய நடிகைகளைச் சொல்லி, அவர்களில் ஒருவர் உனக்குத் தாயாக வாய்த்திருந்தால் என்ன செய்வாய் என்றும் கேட்கிறார். என்னைவிட மோசமானவர்கள் இருக்கிறார்கள் என்பது வாதமாக முடியுமா? முடியாது. ஆனால் அதைச் சொல்லும் டோரிஸின் கண்களில் உண்மையான கலக்கம் இருக்கிறது. அவருக்குத் தெரிந்த தாய்மார்கள் அந்த வகை. அவர்களோடு ஒப்பிட்டால் தான் நல்ல தாய் என்று மனதார நம்புகிறார்.

சண்டை நடக்கும் இடம் படிக்கட்டு என்பதும் சும்மா அமைந்ததல்ல. ஒருவர் மேலே இருந்தால் மற்றவர் கீழே இருக்க வேண்டும். இருவரும் சமமாக நிற்கும் இடம் அங்கே இல்லை.

ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தூக்க மாத்திரை கொடுத்த தாயை எப்படி மன்னிப்பது?

அதே சண்டையில் வரும் செய்தி இது. குழந்தைப் பருவத்திலேயே தூக்க மாத்திரை கொடுத்துப் பழக்கியது நீதான் என்று சுசான் சொல்கிறாள். மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கும் மாத்திரை அது, எந்த ஆபத்தும் இல்லாதது என்கிறார் டோரிஸ். படத்திலேயே மிகக் கடுமையான இடம் இதுதான். சிரிப்பு வரும்போதே நெஞ்சு கனக்கிறது.

மன்னியுங்கள் என்று படம் கேட்கவில்லை. தண்டியுங்கள் என்றும் கேட்கவில்லை. பின்னால் ஒலிச்சேர்க்கைக் கூடத்தில் இயக்குநர் லோவெல் கோல்செக் (ஜீன் ஹேக்மன்) சுசானிடம் பேசும்போது ஒரு பதில் கிடைக்கிறது. உன் தாய் உனக்குச் செய்ததை அவளுக்கு அவளுடைய தாய் செய்தாள், அந்தத் தாய்க்கு அவளுடைய தாய். இப்படியே ஆதித்தாய்வரை போகலாம். ஏதோ ஓர் இடத்தில் போதும் என்று நிறுத்தி, என்னிலிருந்து தொடங்கட்டும் என்று சொல்ல வேண்டும். அவர் சொல்வதன் சாரம் இது.

இந்த வாதம் தாயைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதற்காகச் சொல்லப்பட்டது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செய்தது தவறு என்பதை அது மறுக்கவே இல்லை. பழியைச் சரியான ஆளிடம் ஒப்படைத்துவிட்டால் தனக்குக் குணமாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கும் சுசானிடம், அது நடக்காது என்று சொல்கிறது. தாய் முழுக் குற்றவாளி என்றே வைத்துக்கொண்டாலும் நாளைக் காலையில் மாத்திரையைத் தொடாமல் இருக்க வேண்டியவள் சுசான்தான்.

பாட்டியின் பாத்திரம் எதற்கு?

லோவெல் சொல்லும் சங்கிலியின் அடுத்த கண்ணியை நம் கண்ணுக்குக் காட்டுவதற்கு. மேரி விக்ஸ் நடித்த பாட்டி சில காட்சிகளில்தான் வருகிறார். சுருக்கென்று பேசுகிறார், மகளைக் கண்டிக்கிறார். அவர் முன்னால் டோரிஸ் திடீரென்று சின்னப் பெண்ணாகிவிடுகிறார். அதைச் சுசான் பார்க்கிறாள். இவ்வளவு காலம் தன் தாயாக மட்டுமே தெரிந்தவர் இன்னொருவரின் அடிபட்ட மகளாகத் தெரியும் கணம் அது.

மருத்துவமனைக் காட்சி ஏன் இத்தனை பேரை அழ வைக்கிறது?

சண்டைக்குப் பிறகு டோரிஸ் குடித்துவிட்டுக் காரை ஓட்டிப்போய் மரத்தில் மோதிவிடுகிறார். சுசான் மருத்துவமனைக்கு ஓடுகிறாள். படத்தின் தொடக்கத்தில் மகள் படுத்திருந்த நிலையில் இப்போது தாய்.

படம் முழுவதும் நாம் பார்த்த டோரிஸின் தலைமுடி பொய்முடி என்பது இங்கேதான் தெரிகிறது. பொய்முடி இல்லை, ஒப்பனை இல்லை, புருவம்கூட இல்லை. நரைத்து மெலிந்த முடியோடு ஒரு வயதான பெண் படுக்கையில் இருக்கிறார். நட்சத்திரமாக வாழ்ந்த மெக்லைன் தன்னை இப்படிக் காட்ட ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். வெளியே பத்திரிகைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். இருவரும் பேசுகிறார்கள், முதல்முறையாகப் பார்வையாளர்கள் யாரும் இல்லாமல். தன் காலம் முடிந்து மகளின் காலம் வந்துவிட்டதால் வந்த பொறாமையை டோரிஸ் ஒப்புக்கொள்கிறார். பிறகு சுசான் தாய்க்கு ஒப்பனை செய்கிறாள். புருவம் வரைகிறாள், உதட்டுச் சாயம் பூசுகிறாள், தலையில் துணி கட்டிவிடுகிறாள்.

வேறொரு படமாக இருந்தால் தாய் ஒப்பனையே இல்லாமல் வெளியே போய் உண்மையை ஏற்றுக்கொண்டதாகக் காட்டியிருப்பார்கள். பொய் முகத்தைக் களைவதே விடுதலை என்பது திரைப்படங்களுக்குப் பிடித்த முடிவு. கேரி ஃபிஷர் அதைத் தொடவில்லை. தாய்க்கு அந்த முகம் தேவை என்பதை மகள் புரிந்துகொண்டு, அதைத் தன் கையால் வரைந்து தருகிறாள். டோரிஸ் வெளியே போகிறார், கேமராக்களைப் பார்த்ததும் நிமிர்கிறார். மறுவாழ்வு மையத்தில் எரிச்சலூட்டிய அதே நிமிர்வுதான். இப்போது அதில் எவ்வளவு தைரியம் இருக்கிறது என்று தெரிகிறது. தாய் மாறவில்லை, மகளும் நாமும் பார்க்கும் விதம் மாறியிருக்கிறது.

குழந்தை தாயைப் பராமரிக்கும் நிலையை எப்போதும் சோகமாகவே காட்டிப் பழகிவிட்டோம். இங்கே அது சோகமும்தான், அன்பும்தான்.

படத்துக்குள் ஏன் இவ்வளவு படப்பிடிப்புக் காட்சிகள்?

தொடக்கமே ஒரு நீண்ட ஒற்றை ஷாட். ஏதோ ஒரு நாட்டில் சுசானை அதிகாரிகள் விசாரிக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருப்போம். அவள் வசனத்தைத் தவறவிடுவாள், படப்பிடிப்பு என்று தெரியும். பின்னால் அவள் ஒரு கட்டடத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்குவாள். அது தரையோடு கிடக்கும் வெறும் செட். ஒளிப்பதிவாளர் மைக்கேல் பால்ஹவுஸ் இப்படி நம் கண்ணை ஏமாற்றுவதில் கைதேர்ந்தவர். வேடிக்கைக்காக மட்டும் இவை இல்லை. எது நிஜம், எது நடிப்பு என்று தெரியாத வீட்டில் வளர்ந்தவளின் கண்ணால் நாம் உலகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

ஆண்கள் எல்லோரும் மோசமானவர்களா?

இல்லை. டென்னிஸ் க்வைட் நடித்த காதலன் ஜாக் ஏமாற்றுக்காரன், நிதி மேலாளர் சுசானின் பணத்தோடு ஓடிவிடுகிறார். ஆனால் ஹேக்மனின் லோவெல் கண்டிப்பும் கனிவும் உள்ளவர். அவளைக் காப்பாற்றிய மருத்துவராக வரும் ரிச்சர்ட் ட்ரைஃபஸ், அவள் தயாராகும்வரை காத்திருக்கிறேன் என்கிறார். காதல்தான் குணமாக்கும் என்று படம் சொல்லாததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

போதைப் பழக்கத்தைச் சரியாகக் காட்டியிருக்கிறார்களா?

பேச்சில் சரியாக, உடலில் குறைவாக. அடிமைப்பட்டவரின் சாமர்த்தியம், வெட்கம், வெளியே வந்த பிறகு எல்லோரும் சந்தேகத்தோடு பார்க்கும் பார்வை ஆகியவை கூர்மையாக இருக்கின்றன. வேலைக்குச் சேரும்போதே தயாரிப்பாளர் (ராப் ரெய்னர்) போதைப் பரிசோதனைக்குச் சிறுநீர் கேட்கும் சங்கடம் ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் பழக்கத்தை விடும்போது உடல் படும் பாடு ஏறக்குறைய இல்லை. மறுவாழ்வு மையத்தைப் படம் அவசரமாகக் கடந்துவிடுகிறது. தாயின் குடியும் விபத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குச் சிகிச்சை எடுத்தாரா என்ற கேள்வியே எழவில்லை. படத்தின் பெரிய குறையாக நான் இதைத்தான் சொல்வேன். டோரிஸின் பிடிவாதத்தை இவ்வளவு அன்போடு காட்டியவர்கள் அதன் விலையை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்.

நடிப்பில் யார் உயர்ந்தவர்?

மெக்லைன் பிறந்தது 1934இல், ஸ்ட்ரீப் 1949இல். பதினைந்து ஆண்டு இடைவெளிதான். படத்தைப் பார்க்கும்போது அது ஒருமுறைகூட நினைவுக்கு வருவதில்லை. அதுவரை கனமான வேடங்களுக்காகவே அறியப்பட்ட ஸ்ட்ரீப் இதில் சிரிக்க வைக்கிறார், பாடவும் செய்கிறார். நிக்கோல்ஸோடு அவருக்கு இது மூன்றாவது படம். ‘சில்க்வுட்’ 1983இலும் ‘ஹார்ட்பர்ன்’ 1986இலும் வந்தன. ஆஸ்கர் பரிந்துரை அவருக்குக் கிடைத்தது, மெக்லைனுக்குக் கிடைக்கவில்லை. அது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்ட்ரீப் செய்வது அற்புதம், ஆனால் சுசானின் பக்கம் நம்மை இழுக்க எழுத்தே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. டோரிஸை வெறுக்காமல் இருக்க வைக்கும் வேலை முழுவதும் மெக்லைனுடையது.

ஷெல் சில்வர்ஸ்டீன் எழுதிய ‘ஐம் செக்கிங் அவுட்’ பாடலுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருது எதுவும் வரவில்லை. அந்த ஆண்டு சிறந்த பாடலுக்கான விருதை ‘டிக் ட்ரேசி’ படத்துக்காகப் பெற்றவர், டோரிஸ் பாடும் பாடலை எழுதிய அதே சாண்ட்ஹைம்.

குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் ‘ஆர்’ தரச்சான்று பெற்ற படம். கெட்ட வார்த்தைகளும் போதைப்பொருளும் தாராளமாக வருகின்றன. வளர்ந்த மகளும் தாயும் சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பார்க்கலாம், ஆனால் மாடிப்படிக் காட்சியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பது நல்லது.

படத்துக்குப் பிறகு கேரியும் டெபியும் எப்படி இருந்தார்கள்?

ஒரு காலத்தில் பல ஆண்டுகள் பேசாமல் இருந்தவர்கள், பிற்காலத்தில் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தார்கள். தன் இருமுனைக் கோளாறு (மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்) பற்றிக் கேரி மறைக்காமல் எழுதினார், மேடையில் பேசினார். 2016 டிசம்பர் 27 அன்று கேரி காலமானார். மறுநாள் டிசம்பர் 28 அன்று டெபி காலமானார். இருவரையும் பற்றிய ‘பிரைட் லைட்ஸ்’ என்ற ஆவணப்படம் அடுத்த மாதம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இந்தப் படத்தைப் பார்த்த கையோடு அதையும் பாருங்கள். டோரிஸுக்கும் டெபிக்கும் எவ்வளவு தூரம் என்பது அப்போது தெரியும். டெபி பல வகையில் டோரிஸைவிட உறுதியானவர்.

முடிவு மகிழ்ச்சியான முடிவா?

கடைசிக் காட்சியில் சுசான் லோவெலின் புதிய படத்துக்காக அந்த ‘ஐம் செக்கிங் அவுட்’ பாடலைப் பாடுகிறாள். துள்ளலான அமெரிக்க ‘கன்ட்ரி’ இசை மெட்டு. விருந்தில் தயங்கித் தயங்கிப் பாடியவள் இங்கே முழுக் குரலில் கத்திப் பாடுகிறாள். ஆனால் இதுவும் படப்பிடிப்புதான், அவளைச் சுற்றிக் கேமராக்கள் இருக்கின்றன. அவள் குணமாகிவிட்டாள் என்பதற்கு உத்தரவாதம் ஏதும் தரப்படவில்லை. இன்று வேலைக்கு வந்திருக்கிறாள், வேலையைச் சந்தோஷமாகச் செய்கிறாள். போதையிலிருந்து மீள்பவர்களுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது என்பதால், ஆம், மகிழ்ச்சியான முடிவு என்றே சொல்வேன்.